ஸெல்டா இனங்கள்: யாருக்கு ஞாபகம் அதிகம்?

நிண்டெண்டோவின் ஸெல்டா வீடியோ கேம் தொடரில் எந்த இனம் உசத்தி என்று பேச்செடுத்தால், பலரும் முதலில் சக்தியைத்தான் எண்ணிப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் போனால் போட்டி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பறவை மக்களான ரீட்டோக்கள் ஜெயித்துவிடுவார்கள். 2017இல் வந்த ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ ஆட்டத்தில் ரீட்டோ வீரன் ரெவாலியின் ஆவி தரும் காற்று, நின்ற இடத்திலிருந்தே கதாநாயகன் லிங்க்கை வானத்துக்குத் தூக்கிவிடும். மலையில் பாதி தூரம் ஏறியதும் மழை பிடித்து, வழுக்கி வழுக்கிக் கீழே வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மூன்று முறை பயன்படுத்தலாம், தீர்ந்த பிறகு 6 நிமிடம் காத்திருந்தால் போதும். கெரூடோ தலைவி உர்போசாவின் மின்னலுக்கு 12 நிமிடம், கோரான் வீரன் டாருக்கின் கவசத்துக்கு 18, செத்தவனை எழுப்பும் ஸோரா இளவரசி மீஃபாவின் வரத்துக்கு 24.

சரி, ஆட்டத்தை முடித்து மூடி வைத்த பிறகு மனதில் நிற்பது அந்தக் காற்றா? எனக்கு இல்லை. நான் இன்னொரு கேள்வியை வைத்து இவர்களை நிறுத்துப் பார்க்கிறேன்: இந்த மக்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது? லிங்க் வாய் திறக்காதவன். ‘ப்ரெத்’ ஆட்டத்தில் 100 வருடம் தூங்கி, எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுகிறவன். நடந்ததை அவனுக்காக வேறு யாராவது நினைவில் வைத்திருந்தால்தான் அந்த உலகத்துக்கு ஒரு வயது இருப்பதே நமக்குத் தெரியும்.

கோரானும் ஸோராவும்

இந்த இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். 1998இல் ‘ஒகரினா ஆஃப் டைம்’ இவர்களை மலைக்கும் அருவிக்கும் சொந்தக்காரர்களாக எதிரெதிரே நிறுத்தியதிலிருந்து இருவரும் ஜோடியாகவே வருகிறார்கள். கோரான்கள் அதில்தான் பிறந்தார்கள். கல்லைத் தின்பவர்கள், எரிமலையில் குடியிருப்பவர்கள், ஒருவரையொருவர் சகோதரா என்று அழைப்பவர்கள். ஸோராக்கள் அதற்கும் மூத்தவர்கள். 1986இல் வந்த முதல் ஆட்டத்திலேயே ஆற்றிலிருந்து தலையை நீட்டி நெருப்பைத் துப்பிவிட்டு மறையும் எரிச்சலூட்டும் எதிரிகள் அவர்கள்தான். 1991இல் ‘எ லிங்க் டு தி பாஸ்ட்’ ஆட்டத்தில் அவர்களின் ராஜா, நீந்துவதற்கான துடுப்புக் காலணியை 500 ரூபிக்கு விற்கும் வியாபாரி. அப்புறம்தான் 1998இல் நாசூக்கான நீர்வாழ் மக்களாக மாறினார்கள்.

சிரிப்பில் இருவருக்கும் சமபங்கு. கோரான் தலைவன் டருனியா, லிங்க்கின் தோழி சரியாவின் பாட்டைக் கேட்டதும் மலைபோன்ற உடம்பை வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம் ஒரு பக்கம். வழிவிடச் சொன்னால் அங்குலம் அங்குலமாக நகரும் ஸோரா ராஜா மறுபக்கம். அந்தக் காட்சியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் ராஜா பாதி வழியில்தான் இருப்பார்.

ஏழு வருடம் தாண்டி லிங்க் பெரியவனானதும் கதை பிரிகிறது. கோரான்களைச் சிறைப்பிடித்து, வால்வாகியா என்ற எரிமலை நாகத்துக்கு இரையாக வைத்திருக்கிறார்கள். நாயகனைப் பெருமைப்படுத்த டருனியா தன் மகனுக்கே லிங்க் என்று பெயர் வைத்திருக்கிறான். போய் மீட்கிறோம், எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள், சுபம். ஸோராக்களின் ஊரோ முழுக்க உறைந்து கிடக்கிறது. நீலத் தீயைக் கொண்டுவந்து ராஜாவை மட்டும் உருக்கலாம். நீர்க் கோவிலை முடித்த பிறகும் அந்த ஊர் உருகவே உருகாது. ஒரு நாள் சரியாகும் என்று இளவரசி ரூட்டோ வாக்குக் கொடுப்பதோடு சரி. ஏதோ செய்யத் தவறிவிட்டேன் போல என்று நான் திரும்பத் திரும்ப அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். பனிக்கட்டி அப்படியேதான் இருந்தது.

2000இல் வந்த ‘மஜோராஸ் மாஸ்க்’ இன்னும் ஒரு படி மேலே போய், முகமூடி போட்டு அந்த இனமாகவே மாற வைத்தது. ஓட்டும் சுகத்தில் கோரான்தான் முதலிடம். பந்துபோல் சுருண்டு உருண்டு, வேகம் கூடியதும் முட்கள் முளைத்துப் பாய்வதற்கு ஈடு அந்த ஆட்டத்தில் வேறில்லை. ஆனால் தண்ணீரில் இறங்கினால் கல்லாக மூழ்கிவிடும். ஸோரா உருவம் நீரைக் கிழித்துக்கொண்டு போய் மேலே துள்ளும். அழகுதான், ஆனால் திரும்புவதற்குள் எதிலாவது மோதிவிடுவோம்.

இரண்டு முகமூடியும் செத்துப்போனவர்களுடையது என்பதுதான் முக்கியம். கோரான் வீரன் டர்மானி பேயாக வந்து கெஞ்சுகிறான். ஸோரா இசைக்குழுவின் கிதார்க்காரன் மிக்காவ் கரையில் ஒதுங்கி, சாகும் முன் கிதாரை மீட்டித் தன் கதையைச் சொல்லிவிட்டுச் சாய்கிறான். அவன் முகத்தோடு நாம் உள்ளே போனால் குழுவினர் நம்மை மிக்காவ் என்றே நம்புகிறார்கள். கோரான்களும் டர்மானி உயிரோடு வந்துவிட்டான் என்று நினைக்கிறார்கள்தான். ஆனால் கொண்டாட்டமாகவே அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். ஸோராக்களிடம் அப்படி முடியவில்லை. பாடகி லூலு தான் இட்ட முட்டைகளைக் கொள்ளைக்காரிகளிடம் பறிகொடுத்து, குரலையும் இழந்து மௌனமாக நிற்கிறாள். பக்கத்தில் நிற்பவன் மிக்காவ் இல்லை என்பது நமக்கு மட்டும் தெரியும்.

‘ப்ரெத்’ ஆட்டத்தில் இந்த வித்தியாசம் முழு உருவம் எடுக்கிறது. கோரான்களுக்கு டாருக் என்பது பாறையில் செதுக்கிய முகம். அவன் வழித்தோன்றல் யுனோபோ நல்ல பையன், பீரங்கியில் போட்டுச் சுடுவதற்கு மிகவும் உபயோகமானவன். ஆனால் 100 வருடத்துக்கு முன்னால் இருந்த யாரும் அங்கே இல்லை. ஸோராக்களின் ஆயுள் மிக நீளம். மீஃபாவின் அப்பா டோரெஃபான் இன்னும் அரியணையில் இருக்கிறார். அவளுக்குப் பாடம் சொன்ன முசு இன்னும் இருக்கிறார், அவள் சாவுக்கு லிங்க்தான் காரணம் என்று முகத்துக்கு நேராகக் கறுவுகிறார். நமக்கோ அவள் யார் என்பதே மறந்துபோயிருக்கிறது. கடைசியில் வழக்கைத் தீர்ப்பது ஒரு சட்டை. ஸோரா இளவரசிகள் மணக்கப் போகிறவனுக்குக் கைப்பட நெய்யும் கவசம் லிங்க்குக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. அதைப் போட்டுக்கொண்டால் அருவியில் எதிர்நீச்சல் போடலாம். சக்தியும் சோகமும் ஒரே பொருளில் இருப்பது இந்தத் தொடரில் அபூர்வம். போதாததற்கு, தங்கள் வரலாற்றை 10 கல்வெட்டுகளில் எழுதி மலையெங்கும் நட்டு வைத்திருக்கிறார்கள்.

கோரான்களோ 2023இல் ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ ஆட்டத்தில் புதுவகைக் கல் வறுவலுக்கு அடிமையாகி, வேலையையும் வீட்டையும் மறந்து கிடக்கிறார்கள். தின்று மறக்கும் இனம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரராக யாரைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டால் நான் கோரானைத்தான் சொல்வேன்.

கெரூடோவின் பாரம்

கெரூடோக்களிடம் ஞாபகம் ஒரு அவமானமாக இருக்கிறது. பெண்கள் மட்டுமே உள்ள இனம், 100 வருடத்துக்கு ஒருமுறைதான் ஆண் பிறப்பான், அவனே ராஜா. அப்படிப் பிறந்த கனான்டார்ஃப்தான் இந்தத் தொடரின் பெரிய வில்லன். 1998லேயே நபூரு என்ற கெரூடோ திருடி, என்னுடைய திருட்டு வேறு, அவனுடைய அக்கிரமம் வேறு என்று தெளிவாகக் கோடு கிழித்துவிட்டாள். ‘விண்ட் வேக்கர்’ ஆட்டத்தில் கெரூடோ ஊரும் இல்லை, மக்களும் இல்லை. பாலைவனக் காற்று தன் மக்களுக்குச் சாவைக் கொண்டுவந்ததையும் கதை நடக்கும் ராஜ்ஜியமான ஹைரூலின் காற்று வேறு மாதிரி வீசியதையும் அங்கே நினைத்துப் பேசுகிறவன் கனான்டார்ஃப் ஒருவன்தான். ஒரு இனத்தின் கடைசி ஞாபகத்தை வில்லன் வாயில் வைத்தது துணிச்சலான எழுத்து.

‘ப்ரெத்’ ஆட்டத்தின் கெரூடோ ஊரில் ஆண்களுக்கு அனுமதி இல்லை. மற்ற ஊர்களில் அந்த இடத்துக்கு ஏற்ற உடுப்போ மருந்தோ போதும். எரிமலைக்குப் போகத் தீ தாங்கும் மருந்து, பனிக்குக் கனமான சட்டை. இங்கே மட்டும் லிங்க் தன்னையே மாற்றிக்கொள்ள வேண்டும். பஜாரில் 600 ரூபி கொடுத்துப் பெண்கள் உடை வாங்கி, முகத்தை மூடிக்கொண்டு, காவலைத் தாண்டிப் போக வேண்டும். உள்ளே போனால் அவர்களுக்கென்று சொற்கள் இருக்கின்றன. ஆண் என்றால் வோ, பெண் என்றால் வாய். வெளியூர் ஆண்களோடு எப்படிப் பழகுவது என்று வகுப்பே நடக்கிறது. ஊர் என்று நம்ப வைப்பதில் நான்கு பேரில் இவர்களே முதல்.

குறையும் உண்டு. முகத்திரை, பாலைவனம், திருட்டு என்று இவர்களை வெகுகாலம் வெளியாள் கண்ணால் மட்டுமே வரைந்தார்கள். பிந்தைய ஆட்டங்களில் அது குறைந்தது, போய்விடவில்லை.

ரீட்டோ: சிறகு உண்டு, வேர் இல்லை

2002இல் ‘விண்ட் வேக்கர்’ ஆட்டத்தில்தான் ரீட்டோக்கள் முதலில் வந்தார்கள், அதுவும் ஸோராக்களின் வாரிசுகளாக. ஹைரூலையே கடல் மூழ்கடித்த பிறகு, நீந்தத் தெரிந்த இனம் போய்ப் பறவையானது! மூழ்கிய ராஜ்ஜியத்தை யாரும் நீந்திப் போய்த் தொடக் கூடாது என்பதற்காகத்தான் இப்படி என்று ரசிகர்கள் விளக்கம் சொல்வார்கள். அந்த ஆட்டத்தில் ரீட்டோவுக்குச் சிறகு பிறவியிலேயே கிடையாது. வாலூ என்ற டிராகனின் செதிலைப் பெற்றால்தான் முளைக்கும். மெட்லி என்ற பெண் தன் முன்னோரான ஸோரா முனிவரின் இடத்தை ஏற்பது நல்ல கட்டம். கவனியுங்கள், அங்கேயும் ஞாபகம் ஸோராவுடையதுதான்.

‘ப்ரெத்’ ஆட்டத்தில் அந்தத் தொடர்பும் அறுந்துவிட்டது. ஸோராவும் ரீட்டோவும் ஒரே காலத்தில் ஆளுக்கொரு மூலையில் வாழ்கிறார்கள், காலவரிசை போடுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கல்தூணைச் சுற்றிக் கட்டிய அந்தக் கிராமம் பார்க்க அழகு. ஆனால் அங்கே நடக்கும் கதை நான்கிலும் சின்னது: டேபா என்ற ரீட்டோ வீரனோடு கொஞ்சம் பறந்து, நாலு பீரங்கியை உடைத்தால் முடிந்தது. ரெவாலியின் திமிர் நினைவிருக்கிறது, அவன் இல்லாததை ஊரில் யாரும் பெரிதாகத் துக்கப்படுவதாகத் தெரியவில்லை. அக்கார்டியனோடு ஊர் ஊராகப் போய் குருவின் பழைய பாடல்களைப் பாடிய காஸ் ஒருவன்தான் இவர்களில் ஞாபகக்காரன். ‘டியர்ஸ்’ ஆட்டத்தில் அவனையும் காணோம்.

ஆனால் சக்திக் கணக்கில் அங்கேயும் ரீட்டோதான். டேபாவின் மகன் டூலின் கொடுக்கும் காற்று கிளைடரை முன்னே தள்ளும்போது, ஸோரா இளவரசன் சிடோனின் தண்ணீர்க் கவசத்துக்காக அவன் உருவத்தைச் சண்டைக்கு நடுவே துரத்திக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. ஸோரா கட்சிக்காரனான எனக்கே அது எரிச்சல்தான்.

மற்றவர்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். வளராத குழந்தைகளான கொகிரிகள், இலைமுகக் கொரோக்குகளாக மாறிவிட்டார்கள். ‘ப்ரெத்’ ஆட்டத்தில் 900, ‘டியர்ஸ்’ ஆட்டத்தில் 1000 விதை என்று ஒளிந்து விளையாடுவதே அவர்கள் பிழைப்பு. முழுவதும் சேர்த்தவருக்குப் பரிசாகத் தங்க நிறத்தில் ஒரு சாணிக் குவியல்! மரமக்களான டெக்குகளுக்கு ‘மஜோராஸ் மாஸ்க்’ முடிவில் ஒரே ஒரு காட்சி இருக்கிறது. முறுக்கிய பட்ட மரத்தின் முன்னால் அரண்மனைப் பணியாளர் குனிந்து அழுகிறார். அது அவர் மகன். ஆட்டம் முழுக்க நாம் போட்டுத் திரிந்த முகம் யாருடையது என்று அப்போதுதான் உறைக்கும்.

என் வரிசை: ஸோரா, நெருக்கத்தில் கெரூடோ, அப்புறம் கோரான், கடைசியில் ரீட்டோ. முதல் இரண்டை மாற்றி வைப்பவரோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் 2024இல் வந்த ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’ என் பக்கம் சாட்சி சொல்கிறது. அதில் கடல் ஸோராக்களோடு ஆற்று ஸோராக்களும் இருக்கிறார்கள், முதல் ஆட்டத்தில் நம்மீது நெருப்பு துப்பிய அதே முகத்தோடு. இரண்டு ஊருக்கும் ஓயாத சண்டை, சமாதானம் செய்து வைப்பது இளவரசி ஸெல்டா. ஆற்றுக்காரர்களின் தலைவர் பெயர் டிராட். முதல் ஆட்டத்தில் அந்தத் தலைகளுக்கெல்லாம் பெயரே கிடையாது.