காயம் சின்ன ஓட்டைதான் என்று தைத்து அனுப்பினால் நம்பாதீர்கள்

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு வேலை சைட்டில் என் சித்தப்பா மகனுக்கு நடந்தது இது. இரும்புக் குழாய் சரிந்து முழங்காலுக்குக் கீழே விழுந்தது. முன்பக்கம் பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை. அதிலிருந்து கருஞ்சிவப்பாக ரத்தம் நிற்காமல் கசிந்தது, மேலே எண்ணெய்த் துளிகள் மிதந்தன. அது எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு. அதைப் பார்த்தால் உள்ளே எலும்பு உடைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

சூப்பர்வைசர் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐக் கூப்பிடவில்லை. "ஆம்புலன்ஸ் வந்தா பெரிய விஷயமாயிடும்பா" என்று லாரியில் ஏற்றி, கம்பெனி வழக்கமாக அனுப்பும் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். கால் ஊன்ற முடியவில்லை என்று இவன் கதறியும் அங்கே எக்ஸ்ரே எடுக்கவில்லை. காயத்தைச் சரியாகக் கழுவாமல் இறுக்கித் தைத்து, வலி மாத்திரையும் லைட் டியூட்டி (இலகுவான வேலை மட்டும் பார்க்கலாம் என்ற) சீட்டும் கொடுத்தார்கள். டெட்டனஸ் ஊசிகூட இல்லை!

அப்புறம் காய்ச்சல், வீக்கம், சீழ். நாங்களே 995 அழைத்தோம் (அவசரத்துக்கு அது இலவசம், பலருக்கு இது தெரியவில்லை). மருத்துவமனையில் ஓப்பன் ஃபிராக்சர் என்றார்கள். தோல் கிழிந்து எலும்பு முறிவோடு சேர்ந்துவிட்டால், ஓட்டை எவ்வளவு சின்னதானாலும் கிருமி உள்ளே போகும். அதனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும்; சலைனில் நனைத்த துணியால் மூடி, காலை அசையாமல் கட்டி, பொதுவாக 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தியேட்டரில் செத்த சதையை வெட்டிக் கழுவ வேண்டும். அழுக்கை உள்ளேயே விட்டுத் தைப்பது கிருமிக்குக் கதவைச் சாத்திக் கொடுப்பது மாதிரி. இவனுக்குத் தையலைப் பிரித்து, லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவினார்கள். சீழ் இருந்ததால் உடனே உள்ளே கம்பி வைக்க முடியாமல், வெளியே இரும்புச் சட்டம் மாட்டினார்கள். தோல் ஒட்டும் ஆபரேஷன் இன்னும் பாக்கி.

ஏன் மறைத்தார்கள்? லைட் டியூட்டி சீட்டோடு விஷயத்தை முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் வேலையிடக் காயத்துக்கு எம்.சி.யோ (மருத்துவ விடுப்புச் சீட்டு) லைட் டியூட்டியோ கொடுத்தாலே எம்ஓஎம்-க்கு (மனிதவள அமைச்சு) முதலாளி தெரிவிக்க வேண்டும் என்பது 2020 செப்டம்பரிலிருந்து சட்டம். அவர் தெரிவிக்காவிட்டால் தொழிலாளியே தெரிவிக்கலாம்.

இப்போது கம்பெனி, கிளினிக் சீட்டில் 'சதைக்காயம்' என்று எழுதியிருப்பதைக் காட்டித்தான் இழப்பீட்டு கிளெயிமை மறுக்கிறது. எங்கள் பக்கம் இருப்பது, லாரி ஏறும்முன் கூட வேலை பார்த்த அண்ணன் எடுத்த ஒரு போட்டோ. ஆகவே காயத்தை மூடும்முன் ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு ஆஸ்பத்திரி போகும்வரை துணியைப் பிரித்து யாருக்கும் காட்டாதீர்கள்.