டிஜே356 புழு ஸ்ட்ரெய்ன்: யூஸ் பண்ணிப் பாத்தாச்சு

கைனேஸ் (மத்த புரோட்டீன்கள்ல பாஸ்பேட் ஒட்டுற என்சைம்) வேலைய கண்ணால பாக்கணும்னா, லேப்ல வளக்குற சி. எலிகன்ஸ் புழுவோட இந்த ஸ்ட்ரெய்ன வாங்குங்க. ஜீன்கள ஆன் பண்ற டாஃப்-16 புரோட்டீன்ல பச்சையா ஒளிர்ற ஜிஎஃப்பி புரோட்டீன் ஒட்டியிருக்கு, சாதாரணமா ஏகேடி கைனேஸ் அதுல பாஸ்பேட் போட்டு செல்லோட நியூக்ளியஸுக்குள்ள விடாம வெளியவே நிறுத்தி வச்சிருக்கும், 35 டிகிரி சூட்டுல கொஞ்ச நேரம் வச்சதும் பச்சை எல்லாம் புள்ளி புள்ளியா நியூக்ளியஸ்ல போய் சேருது, மொதத் தடவ பாத்தப்ப சிலிர்த்துப் போச்சுங்க. ஜேஎன்கே-1 கைனேஸ் நேர் எதிர், டாஃப்-16ஐ நியூக்ளியஸுக்குள்ள அனுப்பும், இந்த ஜேஎன்கே-1 கூடினா புழு சூட்டையும் தாங்கும் ஆயுசும் நீளும். குறைன்னா, ரோல்-6 மார்க்கர் (புழுவ உருள வைக்கிற அடையாள ஜீன்) இருக்கறதால நேரா ஊராம உருண்டு வட்டம் அடிக்கும், அசைவு டெஸ்ட்டுக்கு வேணாம். அப்புறம் ஸ்லைடுல ரொம்ப நேரம் வைக்காதீங்க, அந்த ஸ்ட்ரெஸ்லயே பச்சை உள்ள போயிடும்.