640 டொலர் போய்விட்டது: பழைய லீ-என்ஃபீல்டுக்கு மரம் வாங்குகிறவர்கள் கவனம்

நேற்று இரவுதான் அந்தக் கடைக்காரர் என்னுடைய தொலைபேசி இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார் என்று தெரிந்தது. இன்னும் மனம் ஆறவில்லை. ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் விடிந்ததும் உட்கார்ந்திருக்கிறேன். போனது 640 டொலர், அதுவும் இரவு ஷிப்டில் நின்று உழைத்த காசு.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்காபரோவில் ஒரு முதியவரிடமிருந்து லீ-என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் பட்டாளத் துவக்கில் நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் வகை ஒன்றை லைசென்ஸோடு முறையாக வாங்கினேன். லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் 1943இல் செய்தது. ரொறன்ரோவுக்கு மேற்கே ஏரிக்கரையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் போர்க்காலத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அதன் பரிசோதனைக் கட்டடம் இன்றும் மிசிசாகாவில் நிற்கிறது, நான் போய்ப் பார்த்திருக்கிறேன். போருக்குப் பிறகு இந்தத் துவக்குகள் மலிவு விலையில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் மான் வேட்டைக்குப் பாரம் குறையட்டும் என்று குழலைக் கீழே தாங்கும் முன்மரத்தை நடுப்பட்டைக்கு, அதாவது குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நடு இரும்பு வளையத்துக்கு, கொஞ்சம் முன்னால் அறுத்து, குழலை மேலே மூடும் மேல்மரத்தைக் கழற்றி வீசிவிட்டார்கள். என்னுடையதும் அப்படி அறுக்கப்பட்டதுதான். அதற்குப் பழையபடி முழு மரமும் போட வேண்டும் என்பது என் ஆசை. என் அப்பா யாழ்ப்பாணத்தில் தச்சு வேலை செய்தவர், அவருடைய உளி இரண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. துவக்கில் எனக்குப் பிடித்ததே மரமும் இரும்பும் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு உட்காரும் அந்த வேலைதான். இங்கே இதை ஃபர்னிச்சர் என்றுதான் சொல்கிறார்கள், மேசை கதிரை போல.

முழுத் தொகுதி கிடைப்பது லேசில்லை. முன்மரம், முன்னும் பின்னுமாக இரண்டு மேல்மரம், தோளில் வைக்கும் பின்மரம் எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே வயதில் வேண்டும். அப்போதுதான் ஒரு விற்பனைத் தளத்தில் இந்தக் கடையின் விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய பட்டாளத் துவக்குகளின் உதிரிப்பாகங்களை மட்டும் விற்கிற கடை, வேறு மாகாணத்தில் இருக்கிறது. 'பாவிக்காத இராணுவக் கையிருப்பு, வால்நட், முழுத் தொகுதி' என்று போட்டிருந்தது. படத்தில் பின்மரத்தில் 'சி' எழுத்துக்குள் அம்புக்குறி போட்ட கனடிய முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

நான் உடனே காசு அனுப்பவில்லை, முதலில் அழைத்துப் பேசினேன். நான் ஏமாந்தது அந்த அழைப்பில்தான். எடுத்த எடுப்பிலேயே அவர் கேட்ட கேள்வி, "உங்கள் குழல் நுனியில் பயனெட் மாட்டும் குமிழ்கள் இருக்கின்றனவா, இல்லை குழலையும் அறுத்துவிட்டார்களா?" விற்றால் போதும் என்று நினைக்கிறவன் இதைக் கேட்கமாட்டான், ஏனென்றால் குழலை அறுத்திருந்தால் முழு மரம் போட்டுப் பிரயோசனமில்லை. நல்ல மனிதர் என்று நினைத்துவிட்டேன். பிறகு 'ட்ரோஸ்' என்கிற பொருத்துமுகங்கள் பற்றி, குழல் நுனிக்கு மரம் கொடுக்க வேண்டிய மேலழுத்தம் பற்றி என்று அரை மணித்தியாலம் பேசினார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். தளத்தின் வழியாகப் போனால் கட்டணம் பிடிப்பார்கள், நேரடியாக ஈ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணினால் தபால்செலவும் சேர்த்து 640 டொலருக்குத் தருகிறேன் என்றார். அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரத்துக்குப் பிறகு பெட்டி வந்தது. திறந்தவுடன் சாயத்தின் வாசம் மூக்கில் அடித்தது. எண்பது வருடப் பழைய மரத்தில் ஆளிவிதை எண்ணெய் வாசம்தான் வர வேண்டும். பழைய துணியில் எண்ணெய் தொட்டு ஒரு தடவை துடைத்தேன், துணி செம்பழுப்பாக மாறியது. பின்மரத்தைக் கையில் எடுத்தால் கண்ணுக்கு நேரே 'பி' என்று குத்தியிருக்கிறது, அதாவது பான்டம், சாதாரண அளவைவிட ஒரு அங்குலம் கட்டை. நான் நோர்மல் என்று இரண்டு தடவை சொல்லிக் கேட்டது. விளம்பரப் படத்தில் அந்த இடம் மட்டும் வெட்டுப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். முன்மரத்தை விளக்கின் கீழ் பிடித்துத் திருப்பினேன். நடுப்பட்டை வந்து உட்காரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மரத்தின் ரேகை நெருக்கமாக, நேராக ஓடுகிறது, அந்தப் பக்கம் அகலமாக வேறு திசையில் போகிறது. இரண்டு மரங்கள்! யாரோ வேட்டைக்கு அறுத்த பழைய முன்மரத்துக்கு வேறு மரத்தில் மூக்கு ஒட்டி, சாயம் பூசி, பட்டை மறைத்துவிடும் என்று எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டு வைத்துத் திருத்துவது தப்பில்லை, பலர் அதை அழகாகச் செய்கிறார்கள். ஒட்டு என்று சொல்லி, ஒட்டு விலைக்கு விற்க வேண்டும். பாவிக்காத மரம் என்று 640 டொலருக்கு விற்பது களவு.

பின்பக்கம் இன்னும் மோசம். ட்ரோஸ் என்பது முன்மரத்தின் பின்முனைக்குக் கிட்ட, துவக்கின் உடல் வந்து முட்டுகிற இரண்டு முகங்கள். சுடும்போது முன்மரத்தில் பின்னுதைப்பைத் தாங்குவது அந்த இரண்டு முகமும்தான். அங்கே இடைவெளி இருந்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் இரும்பு மரத்தை அடித்து அடித்துக் கடைசியில் பின்முனை பிளந்துவிடும். அதனால்தான் அந்த இடத்தை விளக்குக் கரி தடவி, எங்கே கறை படுகிறது என்று பார்த்துப் பார்த்து, கடதாசி தடிப்பில் சீவிப் பொருத்துவார்கள். எனக்கு வந்ததில் அந்த இரண்டு முகமும் பழைய எண்ணெய் ஊறிப் பஞ்சாகிப்போய், மேலே மரப்பசை அப்பிச் சாயம் பூசியிருந்தது. அப்பா பலகையை விரல்முட்டியால் தட்டித்தான் நல்லதா கெட்டதா என்று சொல்வார். நானும் தட்டிப் பார்த்தேன். செத்த சத்தம். உளியின் முனையால் லேசாகத் தொட்டதும் பசை கட்டியாக உதிர்ந்து விழுந்தது.

மேலழுத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நுனியில் மரம் குழலை மூன்றிலிருந்து ஐந்து இறாத்தல் அழுத்தத்தில் மேலே தாங்க வேண்டும், நடுவில் எங்கும் தொடக்கூடாது. இதில் ஒட்டிய மூக்கு இடப்பக்கம் சாய்ந்து குழலின் விலாவில் உரசிக்கொண்டு நிற்கிறது.

அன்றைக்கே பதினெட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில் மரியாதையாக வந்தது: குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்று மரத்தை முறுக்கும், இரண்டு கிழமை விட்டுப் பாருங்கள். ஹீட்டர் காற்று ஒரு மரத்தை இரண்டு மரமாக்குமா என்று கேட்டேன். நான்கு நாள் மௌனம். பிறகு, இதைப் பார்க்கிற ஆள் கண்காட்சிக்குப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு, நீங்கள் எண்ணெய் பூசிவிட்டீர்கள், உளி வைத்துவிட்டீர்கள், இனித் திருப்பி எடுக்கமாட்டோம். துணியில் ஒரு தடவை துடைத்ததற்கு! முதல்நாளே மனைவி சொன்னவ, "கை வைக்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கோ" என்று. நான் கேட்கவில்லை.

தளத்துக்கு முறையிட்டேன். காசு எங்கள் வழியாக வரவில்லை, ஆகவே பாதுகாப்பு இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வங்கியில் கேட்டால், நீங்களாக அனுப்பிய ஈ-ட்ரான்ஸ்ஃபர், எடுத்த காசை மீட்க முடியாது என்கிறார்கள். நேற்று மாலை கடைசியாக அழைத்தேன், மணி அடிக்கவே இல்லை. மனைவியின் தொலைபேசியிலிருந்து அழைத்தேன், இரண்டாவது மணியில் எடுத்தார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். 640 டொலர்.

வாங்கப் போகிறவர்களுக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனமில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். நடுப்பட்டை வரும் இடத்தை நாலு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். ட்ரோஸ் படம் கட்டாயம் கேளுங்கள். பின்மரத்தின் அளவு எழுத்தைப் படத்தில் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். முத்திரை ஒரு துண்டில் உண்மையாக இருப்பதால் மற்றத் துண்டுகளும் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், என்னை விழுத்தியது அதுதான். தளத்துக்கு வெளியே காசு அனுப்பவே வேண்டாம். பெட்டி வந்தால் எண்ணெய்த் துணியைத் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். மரத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை, யாரும் விற்கலாம், பிறகு கேட்க ஆளில்லை.

லீ-என்ஃபீல்டின் முந்தைய வகையான நம்பர் 1 மார்க் 3 வைத்திருக்கிறவர்களுக்கு வேறொன்று: முன்மரத்தைக் கழற்றாமல் பின்மரத்து போல்ட்டைத் திருகாதீர்கள். போல்ட்டின் சதுர நுனி முன்மரத்துக்குள் பூட்டியிருக்கும், திருகினால் மரம் பிளக்கும்.

இதே கடையில் இதே மாதிரி வாங்கியவர்கள் இருந்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் பொலிஸில் முறைப்பாடு கொடுக்க நான் தயார். அந்த மரத்தைப் பெட்டியோடு அப்படியே வைத்திருக்கிறேன்.