லீவில் ஊருக்கு வந்து மார்பக எம்ஆர்ஐ எடுப்பவர்களுக்கு

சென்னை, மதுரைப் பக்கம் தனியார் சென்டரில் கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ (ஊசியில் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) எடுப்பது இப்போது பெரிய காரியமில்லை. டாக்டர் சீட்டும் கிரியாட்டினின் (சிறுநீரகம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட்டும் கையில் இருந்தால் சீக்கிரமே டைம் கிடைக்கும். வெளிநாட்டில் வாரக்கணக்கில் காத்துப் பழகியவர்களுக்கு இந்த வேகம் பிடித்துப்போகும். ஆனால் மார்பகக் கட்டி சாதாரணமா புற்றா என்று பார்க்கும் ஸ்கேனுக்கு வேகத்தைவிட நாள் கணக்கு முக்கியம்.

மாதவிலக்கு நிற்காதவர்கள், விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணி 7 முதல் 14ஆம் நாளுக்குள் எடுப்பது நல்லது. மற்ற நாட்களில் நல்ல திசுவே மருந்தை இழுத்துப் படத்தில் வெளுக்கும். இருக்கிற கட்டி அதில் மறையும், இல்லாதது இருப்பதுபோல் தெரியும். டிக்கெட் போடும்போதே கணக்குப் பாருங்கள். (புற்று என்று உறுதியானவர்கள் இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.)

போனில் முதலில் கேட்க வேண்டியது: "பிரெஸ்ட் காயில் இருக்கா?" அது மார்பகத்துக்கென்றே உள்ள, சிக்னல் பிடிக்கும் கருவி. குப்புறப் படுத்து, இரு மார்பகமும் காயில் குழிக்குள் தொங்க எடுப்பதுதான் முறை. மல்லாக்கப் படுக்க வைப்போம் என்றால் வேறு சென்டர் பாருங்கள்.

மருந்து காடோலினியம், கிலோவுக்கு 0.1 மில்லிமோல். மி.லி.க்கு 0.5 மில்லிமோல் உள்ள மருந்தென்றால் 60 கிலோ ஆளுக்கு 12 மி.லி. வினாடிக்கு 2 மி.லி. வீதம் பம்ப் ஏற்றும், பின்னாலேயே 20 மி.லி. சலைன். ஊசிக்கு முந்தைய படத்தைப் பிந்தையதிலிருந்து கழித்துத்தான் பார்க்கிறார்கள். நடுவில் அசைந்தால் ஓரமெல்லாம் பொய்யாக வெளுக்கும்.

புற்றுக்கட்டி வளர்க்கும் ரத்தக்குழாய்கள் ஒழுகுபவை. அதனால் மருந்து சட்டென ஏறி, இரண்டு நிமிடத்தில் உச்சம் தொட்டு வடியும். மெல்ல ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் சாது. ஆனால் இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டை (கர்வ்) மட்டும் நம்பி முடிவுகட்டக் கூடாது. மார்பகத்துக்குள் இருக்கும் நிணநீர்க் கணுவும் புற்றுபோலவே சட்டென ஏற்றி வடிக்கும். பால்குழாய்க்குள் நிற்கும் ஆரம்பப் புற்று மெல்ல ஏற்றி ஏமாற்றும். உருவம்தான் முதல் சாட்சி. ஓரம் முள்முள்ளாக இருந்தாலோ, விளிம்பு மட்டும் வளையமாக வெளுத்தாலோ சந்தேகம். வழவழப்பான ஓரம், உள்ளே கறுப்புக் கோடுகள் என்றால் ஃபைப்ரோஅடினோமா (புற்றல்லாத கட்டி) பக்கம் சாயும்.

ஒரு சென்டர் ரிப்போர்ட்டில் கர்வ் மட்டும் இருந்தது, பைராட்ஸ் எண் (புற்றுச் சந்தேகம் எவ்வளவு என்று சொல்லும் எண்) இல்லை. கேட்டதும் சேர்த்துக் கொடுத்தார்கள். படங்களைப் போட்டுத் தரும் சி.டி. தட்டிலும் தேர்ந்தெடுத்த படங்கள் போதாது, எல்லா சீரிஸும் டைகாம் ஃபார்மட்டில் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) வேண்டும்.

பைராட்ஸ் 4, 5 என்றால் பயாப்சி (ஊசியால் திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது). முதலில் அல்ட்ராசவுண்டில் மறுபடி தேடுவார்கள். அதில் தெரிந்தால் அங்கேயே ஊசி போட்டுத் துணுக்கை எடுத்துவிடலாம். எம்ஆர்ஐயில் மட்டுமே தெரிந்தால் எம்ஆர்ஐ பார்த்தபடியே எடுக்க வேண்டும், அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. கடைசி வாரத்தில் ஸ்கேன் வைத்துக்கொண்டால் இதற்கெல்லாம் நாள் இருக்காது.