ஒரே பானெட்டில் மெழுகும் செராமிக் கோட்டிங்கும்: ஓராண்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

ஆறு வயதான எங்கள் கறுப்பு நிறக் காரின் பானெட்டை நடுவில் டேப் ஒட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 30 மி.லி. குப்பியில் வரும் செராமிக் கோட்டிங்கையும் (பெயின்டின் மேல் இறுகிப் படலமாகும் திரவப் பூச்சு) மறுபாதியில் கார்னௌபா மெழுகையும் (ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் மெழுகு) பூசி ஓராண்டு கடந்துவிட்டது. வண்டியின் மற்ற பகுதிகள் முழுவதிலும் செராமிக் கோட்டிங்கே உள்ளது. பானெட்டின் இரு பாதிகளும் ஒரே வெயிலில் காய்ந்து, ஒரே மழையில் நனைந்து, ஒரே ஷாம்புவால் கழுவப்பட்டவை என்பதால், இவற்றில் எது எதற்குப் பயன்படும் என்பதைக் கண்ணால் கண்டதை வைத்து எழுத முடிகிறது.

பூச்சைப் பற்றிப் பேசுமுன் அதன் அடியில் இருக்கும் பெயின்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்றைய கார்களில் நிறம் தரும் அடுக்கின் மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற அடுக்கு ஒன்று இருக்கிறது. பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். சாதாரண அச்சுத் தாள் ஒன்றின் தடிமன் 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நாம் தேய்க்கப்போவது அந்தத் தாளில் பாதியைத் தாண்டாத ஒரு படலத்தை என்பது புரியும். எங்கள் வண்டியை முன்பு கழுவக் கொடுத்து வந்த இடத்தில், மண் படிந்த துணியாலேயே ஒவ்வொரு வண்டியையும் துடைத்து வந்தார்கள். அதன் பலனாக, வெயிலில் நிறுத்தினால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதைப் போல நுண்கீறல்கள் தெரிந்தன. கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும்.

முதல் நாள் முழுவதும் சுத்தம் செய்வதிலேயே போயிற்று. கழுவி உலர்த்திய பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பார்த்தேன். வெறுங்கைக்கு வழவழப்பாகப் பட்ட இடம், பைக்குள்ளிருந்து தடவியபோது உப்புத்தாள் போல நரநரவென்று இருந்தது. பிரேக்கிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகள்கள் பெயின்டில் புதைந்து கிடப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அவற்றைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்த இரண்டு மூன்று நிமிடங்களில், கதவுகளின் கீழ்ப்பகுதியில் ஊதா நிறக் கோடுகள் வழிந்து இறங்கின. மிச்சம் இருந்ததைக் களிமண் போல் பிசையக்கூடிய கிளே பார் கொண்டு, வழுக்குத் திரவம் தெளித்து, அழுத்தாமல் மெதுவாக உருட்டி எடுத்தேன். இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தால், அடுத்து ஓடப்போகும் பேட் (பாலிஷ் மெஷினில் மாட்டும் மென்மையான வட்டு) அந்தத் துகள்களையே வண்டி முழுக்க இழுத்துக்கொண்டு போய்ப் புதிய கீறல்களைப் போடும்.

பாலிஷுக்கு நான் பயன்படுத்தியது 15 மி.மீ. வீச்சுடைய டூயல் ஆக்‌ஷன் மெஷின். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினைவிட இது மெதுவாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் பேட் சுழன்றுகொண்டே வட்டத்தில் அலைவதால் ஓரிடத்தில் சூடு சேர்வது குறைவு, புதியவர் கையில் பெயின்ட் எரிந்துபோகும் ஆபத்தும் குறைவு. வீட்டில் முதன்முறையாகச் செய்பவர்கள் ரோட்டரியைத் தொட வேண்டாம் என்றே சொல்வேன். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் கிளியர் கோட் மெல்லியதாக இருக்கும் என்பதால், அங்கெல்லாம் டேப் ஒட்டிய பிறகே மெஷினை எடுத்தேன்.

எந்தப் பேட், எந்தக் காம்பவுண்டு (பெயின்டை நுண்ணளவில் தேய்த்தெடுக்கும் பசை) என்பதை முதலில் சின்னஞ்சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பது பெரிய பலனைத் தந்தது. மென்மையான பேடும் நுண்ணிய பாலிஷும் போதுமா என்று பார்த்தேன். கீறல்களில் பாதிதான் மறைந்தது. ஆகவே முதல் சுற்றுக்குச் சற்று வெட்டும் தன்மையுள்ள காம்பவுண்டு, இரண்டாம் சுற்றுக்கு ஃபினிஷிங் பாலிஷ் என்று முடிவு செய்துகொண்டேன். பட்டாணி அளவில் நான்கு சொட்டு, ஏறத்தாழ 50 செ.மீ. சதுரம், ஒரு கோட்டின் பாதியை அடுத்த கோடு மறைக்கும்படி குறுக்கும் நெடுக்குமாக ஐந்து முறை. மெஷினை அவசரமாக ஓட்டினால் பரப்பு ஒன்றும் மாறாது. அடுப்பில் பால் காய்ச்சும்போது கரண்டியை நகர்த்தும் வேகத்தில் நகர்த்த வேண்டும். காம்பவுண்டைத் துடைத்துவிட்டு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, சிலந்தி வலை இருந்த இடத்தில் விளக்கின் ஒளி ஒற்றைப் புள்ளியாகக் கூர்மையாகத் தெரிந்தது. அந்தக் கணத்தில் அடைந்த மகிழ்ச்சி, பின்னால் பூசிய எந்தப் பூச்சும் தராதது. நகத்தில் மாட்டும் அளவுக்கு ஆழமான இரண்டு கீறல்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அவற்றை முழுவதும் நீக்க முனைந்தால் கிளியர் கோட்டே மிஞ்சாது.

அடுத்த படியை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாலிஷில் உள்ள எண்ணெய்கள் கீறல்களை நிரப்பி அவற்றைத் தற்காலிகமாக மறைத்துவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலை நீரில் கலந்து துடைத்தால் எண்ணெய் நீங்கி உண்மை நிலை வெளியே வரும். கோட்டிங் பெயின்டில் சரியாகப் பிடிப்பதற்கும் இது தேவை. வேறொருவரிடம் வேலையைக் கொடுப்பவர்களும் இப்படித் துடைத்த பிறகே வண்டியைப் பார்வையிட வேண்டும்.

கோட்டிங் பூசுவது எளிதாகத் தோன்றினாலும் நேரம் தவறக் கூடாத வேலை. சிறிய கட்டையில் சுற்றிய மெல்லிய துணியில் சில சொட்டுகள் விட்டுத் தடவியதும், ஓரிரு நிமிடங்களில் பரப்பில் வானவில் நிறம் போல ஒரு மினுமினுப்பு எழும். அப்போது மைக்ரோஃபைபர் துணியால் சமப்படுத்த வேண்டும். நான் பின்கதவின் கைப்பிடிக்குக் கீழே ஓரிடத்தைக் கவனிக்காமல் விட்டதால், மறுநாள் அங்கே உள்ளங்கை அகலத்துக்குக் கருமையான திட்டு ஒன்று இறுகிக் கிடந்தது. துடைத்தால் போகவில்லை, மீண்டும் பாலிஷ் போட்டு, அந்த இடத்துக்கு மட்டும் புதிதாகப் பூச வேண்டியதாயிற்று. நல்ல வெளிச்சம் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. மெழுகில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தடவி, வெளிறியதும் துடைத்தால் முடிந்தது.

பூசிய அன்று பானெட்டின் இரு பாதிகளையும் வீட்டார் பலரிடம் காட்டிக் கேட்டேன். எது எது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எனக்கே டேப் இருந்த இடத்தை நினைவில் வைத்துத்தான் சொல்ல முடிந்தது. செராமிக் கோட்டிங் பூசினால் வண்டி கண்ணாடி போல் ஆகும் என்ற விளம்பரத்துக்கு என் அனுபவத்தில் இதுதான் பதில்: கண்ணாடி போல் ஆக்கியது இரண்டு நாள் பாலிஷ், பூச்சு அதைக் காத்தது.

காப்பதில் வேறுபாடு பெரிது. மெழுகுப் பாதியில் முத்து முத்தாகத் திரண்ட நீர் மூன்றாம் மாதத்தில் தட்டையாகப் படியத் தொடங்கியது. இதுவரை அங்கே நான்கு முறை மெழுகு பூசியாயிற்று. செராமிக் பாதியில் ஏழாம் மாதத்தில் நீர் ஓடுவது சற்று மந்தமானது. பூச்சு போய்விட்டதோ என்று கவலைப்பட்டேன். இரும்புத் துகள் நீக்கியைத் தெளித்துக் கழுவியதும் நீர் பழையபடி உருண்டோடியது; மேலே படிந்த அழுக்குதான் காரணம். வாரந்தோறும் கழுவுவதில் மிச்சமாகும் உழைப்பை, பானெட்டின் இரு பாதிகளையும் அடுத்தடுத்துத் துடைக்கும்போது கையே உணர்கிறது.

ஆனால் குப்பியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 9எச் என்ற எழுத்தை நம்பிக் கல்லடி தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அது பென்சில் முனையைச் சாய்த்து அழுத்தித் தள்ளிப் பார்க்கும் சோதனையின் அளவுகோல். அந்த வரிசையில் கடினமான பென்சில் 9எச், அவ்வளவுதான். ஓரிரு மைக்ரான்கூடத் தேறாத படலம் சரளைக் கல்லைத் தடுக்காது. செராமிக் பாதியிலும் மூன்று நுண்கீறல்களை எண்ணியிருக்கிறேன். கடினநீரைத் துடைக்காமல் காயவிட்டால் சுண்ணாம்பு வளையங்கள் அதன் மேலும் படிகின்றன. பறவை எச்சத்துக்கு எதிராகக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது: ஒருநாள் காலை கண்ட எச்சத்தை மாலையில் கழுவியபோது செராமிக் பாதியில் தடம் இல்லை, மெழுகுப் பாதியில் மங்கலான வட்டம் இருந்தது. கோடையில் இரண்டு நாள் விட்டிருந்தால் செராமிக் பாதியும் தப்பியிருக்குமா என்பது ஐயமே.

ஐந்தாண்டு உழைக்கும் என்ற உறுதிமொழியைப் பற்றி ஓராண்டுப் பயனாளர் எதுவும் சொல்வது முறையல்ல. வெயிலிலேயே வண்டியை நிறுத்த வேண்டியவர்கள், அடிக்கடி மெழுகு பூச நேரம் இல்லாதவர்கள் ஆகியோருக்கு இந்தக் கோட்டிங்கைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கீறல் விழுந்த பெயின்டின் மேல் அப்படியே பூசி அழகு பார்க்க நினைப்பவர்கள், குப்பி வாங்கும் பணத்தை முதலில் நல்ல பேடுகளுக்கும் பாலிஷுக்கும் செலவிடட்டும். மெழுகு பூசுவதையே ஓய்வுநாள் இன்பமாகக் கொண்டவர்கள் மெழுகையே தொடரலாம். நான் அடுத்த மாதம் அந்த மெழுகுப் பாதியைத் துடைத்தெடுத்து, அங்கும் செராமிக் பூசப்போகிறேன்.