முழு மதுவிலக்கா, அரசுக் கடையா: இரண்டு பக்க வாதங்களில் எது நிற்கும்?

எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை ஆனால் நாலரை மணிக்கே கிளம்பி, கணவர் வேலை பார்க்கும் சைட்டுக்குப் போய் மணல் குவியல் பக்கத்தில் நிற்பார். மேஸ்திரி வாரக்கூலி எண்ணிக் கொடுக்கும் நேரம் அது. சைட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் டாஸ்மாக் கடை இருக்கிறது, அதைத் தாண்டிப் பணம் வீடு வந்து சேர வேண்டுமென்றால் அவரும் கூடவே நடந்து வந்தால்தான் உண்டு. மதுவிலக்கு விவாதம் எப்போது வந்தாலும் எனக்கு அந்த அரை கிலோமீட்டர் நடைதான் ஞாபகம் வருகிறது.

சரி, முதலில் மூடச் சொல்கிறவர்கள் பக்கம். அவர்களுடைய வலுவான வாதம் பீகாரிலிருந்து வருகிறது. 2016 ஏப்ரலில் அங்கே முழு மதுவிலக்கு வந்தது, அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் கிராமத்துப் பெண்கள்தான் அதிகம். 2024-ல் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, அந்தத் தடையால் கணவர் கையால் அடிபடுவதிலிருந்து சுமார் 21 லட்சம் பெண்கள் தப்பியிருக்கலாம் என்று கணக்கிட்டது. மதிப்பீடுதான், தலை எண்ணிப் பார்த்தது இல்லை. இருந்தாலும் 'தடை போட்டால் யாரும் குடியை நிறுத்த மாட்டார்கள், சும்மா பேச்சு' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கடை எட்டாத தூரத்துக்குப் போனால் குடி குறையத்தான் செய்கிறது, குறிப்பாக தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறவர்களிடம்.

ஆனால் அதே பீகாரில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. குடித்ததற்காகவே லட்சக்கணக்கானவர்கள் கைதானார்கள். ஜாமீன் மனுக்கள் நீதிமன்றங்களில் மலையாகக் குவிந்தன. தொலைநோக்கு இல்லாமல் எழுதப்பட்ட சட்டத்துக்கு உதாரணமாக அன்றைய தலைமை நீதிபதி ரமணாவே 2021-ல் இந்தச் சட்டத்தைச் சொன்னார். 2022-ல் சட்டத்தைத் திருத்தி, முதல் தடவை பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று மாற்ற வேண்டியதாயிற்று. இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். ஜாமீனுக்கு ஆள் தேடி அலைவதும் அபராதத்துக்குக் கடன் வாங்குவதும் யார்? எந்தப் பெண்களுக்காகச் சட்டம் வந்ததோ அவர்களேதான்.

இப்போது கடை இருக்கட்டும் என்கிறவர்கள். அவர்கள் முதலில் எடுப்பது கள்ளச்சாராயம்: கடையை மூடினால் ஜனங்கள் அதைத் தேடிப் போய்ச் சாவார்கள் என்பது. பீகாரில் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதே ஆண்டு ஜூலையில் மதுவிலக்கு உள்ள குஜராத்தின் போடாட் பக்கம் 40-க்கும் மேல். கேட்டவுடன் வாயடைக்க வைக்கும் வாதம். ஆனால் நம் ஊருக்கு வந்தால் அது நொண்டுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் மதுவிலக்கா இருந்தது? அரசுக் கடைகள் திறந்துதான் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணத்திலும் அதே கதை. கடையில் குவாட்டர் விலை ஏற ஏற, கூலிக்காரர் அதைவிட மலிவான பாக்கெட்டைத் தேடிப் போகிறார், அவ்வளவுதான். மெத்தனால் தொழிற்சாலைக் கணக்கிலிருந்து வெளியே கசியாமல் காவல் இருந்ததா, உள்ளூர் போலீஸ் கண்ணை மூடிக்கொண்டதா என்பதுதான் அங்கே கேள்வி. கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சாவுகள் நடக்கின்றன என்றால், இந்த வாதத்தை இரண்டு தரப்பும் கீழே வைத்துவிடுவது நல்லது.

அவர்களுடைய அடுத்த வாதம் வருமானம், என் பார்வையில் இதுதான் உண்மையான முடிச்சு. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோதும் இதே கேள்வி வந்தது. கலால் பணம் போனால் அரசை எப்படி நடத்துவது? அவர் 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்து ஈடுகட்டினார். இன்று அந்த வழி அடைபட்டுவிட்டது. 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு, மாநிலம் தன் இஷ்டத்துக்கு விற்பனை வரி போடக்கூடிய பெரிய இனங்கள் என்று பார்த்தால் பெட்ரோல், டீசல், அப்புறம் மது. 2024-25-ல் டாஸ்மாக் மூலம் வந்த வரி மட்டும் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. சத்துணவு முதல் ஓய்வூதியம் வரை எல்லாம் போகிற கஜானாவில் ஒரே நாளில் இவ்வளவு பெரிய பள்ளம் விழுந்தால் அடிபடுவதும் ஏழைதான். எதை வைத்து ஈடுகட்டுவீர்கள் என்று மூடச் சொல்கிறவர்கள் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் இதே எண்ணை எதிர்ப்பக்கத்திலிருந்தும் படிக்கலாம். இவ்வளவு பணம் ஒரே குழாயில் வரும்போது, அந்தக் குழாயைச் சிறிதாக்கச் சொல்லும் ஆர்வம் அரசுக்குள் யாருக்கு வரும்? 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் தானே நடத்த ஆரம்பித்தது. தனியார் கொள்ளை ஒழியும், கட்டுப்பாடு வரும் என்றார்கள். கட்டுப்பாடு விற்கிறவர் கையிலேயே இருந்தால் அது எப்படிக் கட்டுப்பாடாகும்? 2023 ஜூனில் 500 கடைகளை மூடி, எண்ணிக்கையை 5,329-லிருந்து 4,829-ஆகக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டும் வருமானம் ஏறத்தான் செய்தது.

எங்கள் தெருக் கடையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது அதுவும் மூடப்பட்டது. அடுத்த கடை நான்கு கிலோமீட்டர் தள்ளி. அந்தச் சில மாதங்கள் அக்கா சைட்டுக்குப் போகவில்லை. கணவர் குடியை விடவில்லை, ஆனால் வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்தது, பஸ் ஏறிப் போய்க் குடிக்க அலுப்பு. அதே சமயத்தில் வேறு பல ஊர்களில், சாலையோரம் மூடிய கடைகள் குடியிருப்புக்குள் நுழைந்தன, பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள், திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் தடியடி வரை போனது. ஜூலையில் நகர எல்லைக்குள் அந்த உத்தரவு பொருந்தாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எங்கள் கடையும் பழைய இடத்துக்கே வந்தது. அக்காவும் மறுபடி மணல் குவியல் பக்கம் வந்து நின்றார்.

இதைப் பார்த்த பிறகு 'இருக்கணுமா, வேண்டாமா' என்று மாநிலம் முழுவதற்கும் ஒரே பதில் தேடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மகாராஷ்டிராவில் ஒரு வழி இருக்கிறது. கடை வேண்டாம் என்று ஒரு ஊரின் பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் மனு கொடுத்தால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குச்சீட்டில் நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில் என இரண்டு சின்னங்கள். பாதிக்கு மேல் பெண்கள் படுத்த பாட்டிலில் குத்தினால் கடையை மூடியாக வேண்டும். நம் கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஊர்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இதில் வருமானம் ஒரே நாளில் விழாது, ஊர் ஊராகத்தான் குறையும், ஈடுகட்ட அரசுக்கு அவகாசம் கிடைக்கும். குடித்தவரைச் சிறையில் போட வேண்டியதும் இல்லை. பக்கத்து ஊருக்குப் போய்க் குடிப்பார்களே என்றால், போவார்கள், ஆனால் எங்கள் தெருவில் பார்த்த மாதிரி குறைவாகப் போவார்கள்.

போன வாரம் அக்காவிடம் இந்த வாக்குச்சீட்டு விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் வர்றப்ப வரட்டும் தம்பி, சனிக்கிழமை சாயந்திரம் மட்டுமாவது மூடச் சொல்லு" என்றார்.