ஒராக்கிளின் டிரெக்டரி வசதி: இரண்டு ஆண்டுப் பழக்கத்தில் கண்டவை

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளிடம் மீன் வாங்கும் நிறுவனம் ஒன்றின், ஒராக்கிள் மென்பொருளில் இயங்கும் தரவுத்தளத்தைத் திருகோணமலை நகரிலிருந்து பராமரித்து வருகிறேன். ஒவ்வொரு படகின் நிறைக் கணக்கும் மாலையில் சிஎஸ்வி கோப்பாக சேர்வருக்கு வந்து சேரும். அதை ஒராக்கிளே திறந்து வாசித்து அட்டவணையில் ஏற்றுவதற்கு இரண்டு ஆண்டுகளாக நான் பயன்படுத்துவது அதன் டிரெக்டரி வசதியை, அதாவது சேர்வரில் உள்ள ஒரு கோப்புறையின் பாதைக்குத் தரவுத்தளத்துக்குள் பெயர் சூட்டும் வசதியை.

இதன் அருமை பழைய முறையோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும். யுடிஎல்_ஃபைல்_டிர் என்ற அளவுருவில் ஒரு கோப்புறையின் பாதையை எழுதிவிட்டால், கோப்புகளை வாசிக்கவும் எழுதவும் உதவும் யுடிஎல்_ஃபைல் என்ற நிரல் பொதியை இயக்கும் உரிமை உள்ள எவரும் அங்கே வாசிக்கலாம், எழுதலாம். பாதையை மாற்றுவதென்றால் தரவுத்தளத்தையே நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். ஒராக்கிளின் 18சி பதிப்போடு அந்த முறைக்கு ஆதரவு நின்றுபோனது நல்லதே. இப்போது பாதைக்கு ஒரு பெயர் சூட்டி, அந்தப் பெயரின் மீது வாசிக்கும் உரிமையை ஒருவருக்கும் எழுதும் உரிமையை இன்னொருவருக்கும் தனித்தனியே வழங்கலாம். எங்கள் கணக்குப் பிரிவின் பயனருக்கு வாசிப்பு மட்டுமே உண்டு.

ஆனால் தொடக்கத்தில் இது என்னை நன்றாக அலைக்கழித்தது. டிரெக்டரியை உருவாக்கும்போது அந்தக் கோப்புறை உண்மையில் இருக்கிறதா என்று ஒராக்கிள் பார்ப்பதில்லை. உரிமையையும் வழங்கிவிட்டு நிம்மதியாக இருந்த முதல் மாலையே, கோப்புச் செயல் செல்லாது என்னும் ஓஆர்ஏ-29283 பிழை வந்தது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக நின்று நான் உருவாக்கிய கோப்புறைக்குள் நுழைய, லினக்ஸில் ஒராக்கிள் பயனருக்கு, அதாவது ஒராக்கிள் மென்பொருள் இயங்கும் கணக்குக்கு, அனுமதி இருக்கவில்லை. அதைச் சரிசெய்ததும், டிரெக்டரி செல்லாது என்னும் ஓஆர்ஏ-29280 வந்தது. பெயர் தரவுத்தளத்தில் பெரிய எழுத்தில் பதிவாகியிருக்க, என் நிரல் அதைச் சிறிய எழுத்தில் தேடியிருக்கிறது. இரண்டுமே என் பிழைதான் என்றாலும், செய்தி இன்னும் தெளிவாக இருந்திருந்தால் அன்று இரவு எட்டு மணிக்கு முன் வீடு போயிருப்பேன்.

உண்மையான குறை வேறு. யார் எழுதினாலும் சேர்வரில் கோப்பின் உரிமையாளராகத் தெரிவது ஒராக்கிள் பயனர் மட்டுமே. ஆகவே கோப்பைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. கோப்புறைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியலிட யுடிஎல்_ஃபைலில் வழியும் இல்லை. இவற்றைவிட அச்சமூட்டுவது கிரியேட் எனி டிரெக்டரி என்ற உரிமை. அது கையில் இருப்பவர், ஒராக்கிள் பயனர் தொடக்கூடிய எந்தப் பாதைக்கும், தரவுக் கோப்புகள் இருக்கும் இடத்துக்கும்கூட, ஒரு பெயரைச் சூட்டி வாசிப்பும் எழுத்தும் பெற்றுவிடலாம். எங்களுக்கு மென்பொருள் செய்து தந்தவர்கள் அதைச் சாதாரணப் பயனருக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் அதைத் திரும்பப் பெற்ற பிறகும் எந்த வேலையும் தடைப்படவில்லை என்பதிலிருந்தே, அது எவ்வளவு தேவையற்றது என்பது விளங்கும்.

சிறிய நிறுவனங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 12 ஜிபி பயனர் தரவு என்ற வரம்புடைய 21சி இலவசப் பதிப்பிலும் இந்த வசதி உண்டு. பற்றுச்சீட்டுப் படங்களை பிஃபைலாக, அதாவது தரவுத்தளத்தில் சுட்டி மட்டும் இருக்க, வெளிக் கோப்புறையில் வைத்தால் அவை அந்த வரம்பில் சேராது. ஆனால் ஒராக்கிளின் காப்புக் கருவியான ஆர்மேன் எடுக்கும் காப்புப் பிரதியிலும் அவை சேர்வதில்லை. எங்கள் படங்களை ஒவ்வொரு வெள்ளியும் தனி வன்தட்டில் நானே பிரதி எடுக்கிறேன்.